கதவுகள் படிக்கும் பிரதி

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. ஆணை வெளியீட்டு மையம், நான்காம் தளம். இருந்தவர்கள்:

வைதேகி, துணை இயக்குநர்.
நஸ்ரின் பானு, பதிப்புப் பொறியாளர்.
பிலோமினா, வழக்கறிஞர், புகார்தாரர் தரப்பு.
ஜெபராஜ், ஒப்பந்த ஊழியர்.
சுந்தரவல்லி, வயது ஐம்பத்திரண்டு, புகார்தாரர். வீட்டுக் காவலில் இருப்பதால் திரை வழியாக.

நான்காவது பெயர் நான். வைதேகி மேடம் இந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, என் பெயரை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாமா என யோசித்தேன். ஏன் என்று கேட்பார். அந்த நேரத்தில் நான் என் வீட்டுக்குள் பூட்டப்பட்டிருக்க வேண்டியவன். புதன்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து.

சிறைகளில் இடம் தீர்ந்து ஏழு வருடம் ஆகிறது. அதன்பிறகு சின்னக் குற்றத்துக்கெல்லாம் வீட்டுக் காவல்தான். வாசலில் ஒரு பூட்டு வைப்பார்கள். காவலர் கிடையாது, சாவியும் கிடையாது. எங்கள் மையம் மணிக்கு ஒரு முறை ஆணைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியிடும். பூட்டு அதைப் படிக்கும். திற என்று இருந்தால் திறக்கும், மூடு என்று இருந்தால் மூடும். யாரிடமும் கெஞ்ச முடியாது, யாருக்கும் லஞ்சம் கொடுக்க முடியாது என்று அறிமுக விழாவில் பெருமையாகச் சொன்னார்கள். உண்மைதான். யாரிடமும் கெஞ்ச முடியாது.

திரையில் சுந்தரவல்லியின் முகம் வீங்கியிருந்தது. கண்கள் கோடாகச் சுருங்கியிருந்தன. வீட்டை இடிக்க வந்த அதிகாரியைப் பிளாஸ்டிக் வாளியால் அடித்ததற்கு ஆறு மாதம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அந்த நாள்களில் மதியம் இரண்டிலிருந்து இரவு பதினொன்று வரை கதவு திறக்கும். அந்த அனுமதியை மாதம் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இந்த மாதத்துக்கான புதுப்பிப்பு செவ்வாய் மாலை கையெழுத்தாகி, புதன் காலைக் கோப்பில் ஏறியது. புதன் மதியம் கதவு திறக்கவில்லை. இன்றும் திறக்கவில்லை.

"ஆறு மணிக்கு டயாலிசிஸ் சென்டர்ல கடைசி பெட்," என்றார் பிலோமினா. "அஞ்சரைக்குள்ள உள்ள இருக்கணும். இதை விட்டா திங்கக்கிழமை. திங்கக்கிழமை வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். படிக்கட்டுமா?"

"வேணாம் மேடம், நம்புறோம்," என்றார் வைதேகி.

"நம்பி என்ன பிரயோஜனம்? கதவை உடைங்க."

"உடைக்கிறதுக்கு ஆணை வேணும்."

"போடுங்க."

"போட்டா இதே ஃபைல்லதான் வெளியாகணும். தீயணைப்புக்காரங்க வண்டியும் இதே ஃபைலைத்தான் படிக்குது."

திரையிலிருந்து சிரிப்பு வந்தது. இருமலும் சேர்ந்து வந்தது. "இன்னா வக்கீலம்மா, அத்தினி பேரு படிச்சவங்க உக்காந்துனு ஒரு கதவத் தொறக்க முடியலியா? எங்க ஏரியா பசங்கள்ல ஒருத்தனக் கூப்புடு. ஹேர்பின்ல தொறப்பான்."

"தொறந்தா உங்களுக்கு மூணு வருஷம்மா," என்றார் பிலோமினா.

"உசுரோட இருந்தாத்தான மூணு வருசம்."

நஸ்ரின் இதையெல்லாம் கவனிக்காமல் தன் கணினித் திரையில் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தாள். பொதுமக்கள் பக்கத்தில் சுந்தரவல்லிக்கு நேராகப் பச்சை எழுத்தில் 'அனுமதி' என்று தெளிவாக இருந்தது. புதன்கிழமையிலிருந்து பதினோரு புகார் வந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் புகார் வந்தால் ஒரே நடைமுறைதான். பக்கத்தைத் திறந்து பார்ப்போம். பக்கம் சரியாக இருந்தால் புகாரை மூடிவிடுவோம். பதினொன்றையும் மூடியாகிவிட்டது. வக்கீலோடு வந்ததால் இது பன்னிரண்டாவதாக உயிரோடு இருந்தது.

"ஜெபா, உனக்கு என்ன தோணுது?" என்று நஸ்ரின் கேட்டாள்.

எனக்குத் தோன்றவில்லை. தெரியும்.

புதன்கிழமை மாலை ஐந்தேமுக்காலுக்கு அரிசி, முட்டை, மூன்று பாக்கெட் சிகரெட்டோடு வீட்டுக்குள் உட்கார்ந்தேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒரு கூரியர்காரன் காலை உடைத்ததற்குத் தொண்ணூறு நாள். ஆறு மணிக்குப் பூட்டவில்லை. ஏழுக்கும் பூட்டவில்லை. போனில் பக்கத்தைத் திறந்தால் என் பெயருக்கு நேராகச் சிவப்பில் 'காவலில்' என்று இருந்தது. எழுந்து போய்க் கதவை இழுத்தேன், வந்தது. படியில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் காரணம் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தேன்.

"பேட்டரியா இருக்கலாம்," என்றேன் நஸ்ரினிடம். "இல்லன்னா பூட்டுல பழசு தேங்கி நிக்கும். ஒரு தடவை அணைச்சுப் போடச் சொல்லு."

பூட்டை அணைத்துப் போட உள்ளிருப்பவர் ஒரு பொத்தானைப் பத்து நிமிடம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சுந்தரவல்லி நாற்காலியைக் கதவுவரை இழுத்துக்கொண்டு போனார். நின்று நின்று போனார். அழுத்தினார். கை நழுவியது, முதலிலிருந்து அழுத்தினார். எல்லாம் முடிய நாற்பது நிமிடம் ஆனது. நான்கு மணி வெளியீடு எங்கள் கண் முன்னால் போயிற்று. கதவு அசையவில்லை.

"அடுத்தது அஞ்சு மணிதானே?" என்றார் பிலோமினா. "அங்கேர்ந்து சென்டருக்கு எவ்ளோ நேரம்?"

"இருவது நிமிசம்," என்றார் சுந்தரவல்லி. அதற்குமேல் கிண்டல் வரவில்லை. கதவருகிலேயே சாய்ந்துவிட்டார். மூச்சு வாங்குவது ஒலிபெருக்கியில் கேட்டது. வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் கதவைத் தட்டி, "அக்கா, நான் இங்கதான் கீறேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிலோமினா நாற்காலியை நஸ்ரின் பக்கம் திருப்பினார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. நாளைக்கு நான் கோர்ட்ல சொல்லணும். பக்கத்துல திறன்னு இருக்கு. பூட்டு ஏன் திறக்கல?"

"பூட்டு அந்தப் பக்கத்தைப் படிக்கிறதில்ல மேடம். மூலம் ஒண்ணுதான், எக்ஸ்எம்எல்னு சொல்லுவோம். அதுலேர்ந்து ரெண்டு பிரதி எடுக்கிறோம். ஜனங்க படிக்கிறது எச்டிஎம்எல். பூட்டு படிக்கிறது எக்ஸ்எச்டிஎம்எல்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"ரெண்டாவது ரொம்பக் கறார். ஃபைல் முழுக்க டேக் டேக்கா இருக்கும். இங்க பேர் ஆரம்பிக்குது, இங்க முடியுதுன்னு. தொறந்த டேக்கை மூடியே ஆகணும். ஒண்ணே ஒண்ணு மூடாம நின்னாலும் மொத்த ஃபைலையும் பூட்டு தள்ளிடும்."

"தள்ளிட்டு?"

"கடைசியா ஒழுங்கா படிச்ச ஃபைலையே வச்சுக்கும்."

"அப்ப அதான் நடந்திருக்கு. செவ்வாக்கிழமை ஃபைலையே வச்சிருக்கு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா பூட்டோட ஃபைலைத் தொறந்து பாத்துட்டேன். இதோ. ஒழுங்காத்தான் இருக்கு."

நஸ்ரின் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒழுங்காகத்தான் இருந்தது. பெயர்கள், முகவரிகள், ஆணைகள், வரிசை பிசகாமல். அவள் அதைப் பிரௌசரில் திறந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் எப்போதும் அப்படித்தான் திறப்போம். கதவு படிப்பதை ஒருநாளும் கதவின் கண்ணால் பார்த்ததில்லை.

மேடம் பேனாவை மூடினார். "அப்ப பூட்டுலதான் கோளாறு. பூட்டு செஞ்ச கம்பெனிக்கு எழுதிடலாம்."

நான் சும்மா இருந்திருந்தால் கடிதம் போயிருக்கும். பதில் வரப் பத்து நாள் ஆகும். எனக்குப் பத்து நாள் காற்று கிடைத்திருக்கும். ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் நடுவில் நின்றது. நாங்கள் நான்கு பேரும் திரும்பிப் பார்த்தோம். பிறகு மறுபடி வந்தது.

"பிரௌசர்ல பாக்காத," என்றேன்.

"என்ன?"

"பிரௌசர் மன்னிச்சுடும் நஸ்ரின். மூடாத டேக்கை அதுவே மூடிக்கிட்டுக் காட்டும். அதுல பாத்தா எல்லா ஃபைலும் நல்ல ஃபைல்தான். சோதிக்கிற ப்ரோக்ராம்ல போடு."

போட்டாள். ஒரு விநாடியில் வந்தது. வரி இருநூற்றுப் பதினான்கு, யாரோ ஒருவரின் முகவரியில், அடுத்த வரிக்கு இறங்கச் சொல்லும் டேக் மூடப்படவில்லை. அதற்குக் கீழே அதே பிழை ஆயிரத்துச் சொச்சம்.

நஸ்ரின் என்னைப் பார்க்காமல் கேட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் மாத்தினேன். செவ்வாக்கிழமை ஷிப்ட்ல."

சொன்னேன். பெரிய இடத்து ஆள் ஒருவரின் போனில் எங்கள் பக்கம் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது என்று அன்று இரவு அழைப்பு வந்தது. பார்த்தேன். பக்கத்தின் தலையில் உள்ளே எதுவும் இல்லாத ஒரு பெட்டி. ஒரே டேக்கில் தொடங்கி அதிலேயே முடியும்படி எழுதியிருந்தது. கறாரான பிரதியில் அது சரி. பிரௌசருக்கு அந்த முடிவு புரியாது. பெட்டி இன்னும் திறந்திருக்கிறது என்று நினைத்து, கீழே உள்ள அத்தனையையும் அதற்குள் போட்டுக்கொள்ளும். அது கண்ணுக்குத் தெரியாத பெட்டி. பக்கமே காணாமல் போய்விட்டது. அதற்கு வைத்தியம், வெளியீட்டு முறை என்ற இடத்தில் எக்ஸ்எச்டிஎம்எல் என்பதை எச்டிஎம்எல் என்று மாற்றுவது. ஒரு சொல். நான் அதைப் பொதுமக்கள் பிரதியின் டெம்ப்ளேட்டில், அதாவது அதை வார்க்கும் அச்சில், மாற்றாமல், இரண்டு பிரதிக்கும் தாயான டெம்ப்ளேட்டில் மாற்றிவிட்டேன். நான்கு நிமிட வேலை. பிரௌசரில் பார்த்தேன், பக்கம் வந்துவிட்டது. டீ குடிக்கப் போனேன்.

"அப்ப செவ்வாக்கிழமையிலேர்ந்து எந்தக் கதவும் எதையும் படிக்கல," என்றார் பிலோமினா மெதுவாக. "விடுதலை ஆனவங்க உள்ளயே கெடக்காங்க."

"ஆமா. உள்ள போக வேண்டியவங்க வெளியில இருக்காங்க," என்றேன்.

வைதேகி மேடம் மாற்றப் பதிவைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். செவ்வாய் இரவு ஷிப்ட், அதிகாலை இரண்டு இருபது. மாற்றியவர்: நஸ்ரின் பானு.

"அந்த நேரத்துல நான் வீட்ல தூங்கிட்டிருந்தேன் மேடம்," என்றாள் நஸ்ரின். "உங்களுக்கே தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். பட்டம் இருந்தால்தான் ஐடி கொடுப்பார்கள். நான் மூன்றாம் வருடத்தில் கல்லூரியை விட்டவன். என்னைப் போன்றவர்கள் பட்டம் உள்ளவர்களின் ஐடியில் உட்கார்ந்து வேலை செய்வோம். கடவுச்சொல் கீபோர்டுக்கு அடியில் சீட்டில் இருக்கும். மூன்று வருடமாக இரவில் நான் நஸ்ரின்.

"நான்தான் மாத்தினேன்னு எழுதுங்க மேடம்," என்றேன்.

"எப்படி எழுதுறது? உங்களுக்கு ஐடியே கிடையாதே, ஜெபராஜ். ஐடி இல்லாத ஆள் எப்படி மாத்த முடியும்?"

"மேடம்..."

"அப்படி எழுதினா மூணு வருஷமா ராத்திரி வெளியான அத்தனை ஆணையும் செல்லாதுன்னு ஆயிடும். நாளைக்கே இவங்க கோர்ட்டுக்குப் போவாங்க."

"போவேன்," என்றார் பிலோமினா.

"பாத்தீங்களா? பதிவுல என்ன இருக்கோ அதைத்தான் எழுதுவேன்." மேடம் எழுதினார். நஸ்ரின் அதைத் தலைகீழாகவே படித்தாள். மணி நான்கு முப்பத்தைந்து.

"முதல்ல கதவைத் தொறங்க," என்றார் பிலோமினா. "மத்ததெல்லாம் அப்புறம்."

நஸ்ரின் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டாள். "நீ எங்க தொட்டியோ அங்கயே சரி பண்ணு."

தாய் டெம்ப்ளேட்டில் பழைய சொல்லைப் போட்டேன். பொதுமக்கள் பிரதியில் மட்டும் புதியதைப் போட்டேன். வெற்றுப் பெட்டிக்குத் தனியாக மூடும் டேக் எழுதினேன். சோதித்தேன். பிழை ஒன்றுமில்லை. பூட்டு இதை ஏற்றுக்கொள்ளும். மொத்தமாக ஏற்றுக்கொள்ளும். சுந்தரவல்லியை மட்டும் தனியாக வெளியே விட வழியில்லை. அவர் கதவு திறந்தால் என் கதவு மூடும்.

கோப்பில் வரி வரியாகக் கீழே போனேன். என் பெயர் இருந்தது. ஜெபராஜ், த/பெ சாமுவேல், தொண்ணூறு நாள். முன்னால் நான்கு எழுத்து, பின்னால் மூன்று எழுத்து போட்டால் அந்தப் பதிவு குறிப்புரையாகிவிடும். பூட்டு கண்டுகொள்ளாது. சோதனையிலும் பிழை வராது. மேடத்துக்குப் புரியாது. பிலோமினாவுக்கும் புரியாது. விரல்கள் ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தன. பதிவு சாம்பல் நிறமாக மாறியது.

பக்கத்தில் நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து தாழ்ந்த குரலில் பேசினாள். "உன் பேரை நான் புதன்கிழமையே பாத்தேன்."

"சொல்லவே இல்ல."

"நேத்து நீ வந்து நின்னப்ப ஜாமீன் கெடச்சிருச்சுன்னு நினைச்சேன். அதை எப்படிக் கேக்கிறது? உனக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாம்."

"நீ சொல்லியிருக்கலாம். புதன்கிழமையே அந்தம்மா போயிட்டு வந்திருக்கும்." சாம்பல் நிற வரியைப் பார்த்தாள். "பதிவுகளோட எண்ணிக்கையைப் பூட்டு சரிபாக்குமா?"

"தெரியல."

"பாத்தா?"

"மொத்தத்தையும் தள்ளிடும்."

தெரிந்துகொள்ள ஒரே வழி, அனுப்பிப் பார்ப்பது. கையில் இருந்தது ஒரே வெளியீடு. நான் நல்லவன் ஆகிவிடவில்லை. ஆறு மணிக்கு இன்னொரு வெளியீடு பயன்பட்டிருக்கும் என்றால் நிச்சயம் முயன்று பார்த்திருப்பேன். நான்கு ஐம்பத்தொன்றுக்கு அந்த ஏழு எழுத்தையும் அழித்தேன். நஸ்ரின் தன் ஐடியில் கையொப்பமிட்டாள். இந்த முறை அழுத்தியது அவள் விரலே.

ஐந்து மணிக்குத் திரையில் ஒரு சின்னச் சத்தம். கதவு தானாக ஒரு சாண் நகர்ந்தது. ஆட்டோக்காரர் உள்ளே வந்தார். கூட ஒரு பெண். இருவரும் சுந்தரவல்லியைத் தூக்கிப்பிடித்தார்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நன்றி சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. நாற்காலியும் திறந்த கதவும் மட்டும் திரையில் மிஞ்சின.

ஐந்து முப்பத்திரண்டுக்குப் பிலோமினாவின் போன் அடித்தது. கேட்டார், வைத்தார். "படுக்க வச்சுட்டாங்க. ஊசி ஏறிடுச்சு." பையை எடுத்துக்கொண்டு நின்றார். "மிச்சம் பதினோரு புகார் யாருதுன்னு லிஸ்ட் வேணும் மேடம்."

"எழுதிக் கேளுங்க," என்றார் வைதேகி மேடம்.

"கேப்பேன். எல்லாத்தையும் கேப்பேன்."

ஆள் வெளியே இருக்கும்போது 'மூடு' என்று படித்தால் பூட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கும். அதன்பிறகு தப்பியோட்டம் என்று பதிவாகும். எனக்கு ஏழு மணி வரை இருந்தது. என் வீட்டுக்குப் பேருந்தில் போனால் ஒன்றேமுக்கால் மணி நேரம். படியிறங்கி வாசலுக்கு வந்தபோது நஸ்ரின் ஸ்கூட்டரோடு நின்றாள்.

"ஏறு."

பாலத்தில் நெரிசல். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டாள். "சாப்பாட்டுக்கு?"

"அரிசி இருக்கு. முட்டை வாங்கினேன், புதன்கிழமை."

"ம்."

"உன் மேல விசாரணை எப்போ?" என்றேன்.

"திங்கக்கிழமை நோட்டீஸ் வருமாம். மேடம் இப்பவே சொல்லிட்டாங்க. அலட்சியத்தால உயிருக்கு ஆபத்துன்னு போட்டா ஆறு மாசம்." சிக்னல் விழுந்தது. "எங்க வீட்டு வாசல் மரக்கதவு. மாத்திட்டுத்தான் பூட்டு வைப்பாங்களாம்."

ஆறு ஐம்பதுக்கு என் தெருவில் இறக்கிவிட்டாள். மாடிப்படி வரை கூடவே வந்தாள். ஏனென்று கேட்கவில்லை. பூட்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்காகக் காத்திருந்தது.

"நான் எழுதுறேன் நஸ்ரின்," என்றேன். "விசாரணைக் குழுவுக்கு. உள்ளேர்ந்தே. நான்தான் மாத்தினேன்னு, நேரம், வரி, டெம்ப்ளேட் பேர், எல்லாம் போட்டு எழுதுறேன். மையத்தோட தளத்துலயே லாகின் பண்ணி அனுப்பலாம். உள்ள இருக்கறவங்களுக்கு அதுக்குத் தடை இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. களைப்பாகத்தான் இருந்தாள்.

"எழுது," என்றாள். "யார் ஐடியில அனுப்புவ?"

நான் உள்ளே போனேன். எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.